நாலு பேருக்குச் சோறு

நீச்சல், வண்டி ஓட்டுவது, வங்கிக் கணக்கு, வருமான வரி என்று வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைப் பலரும் அடுக்குகிறார்கள். எல்லாம் வேண்டியவைதான். சமையலும் அந்த வரிசையில் உண்டு. ஆனால் தன் வயிற்றுக்குத் தானே பொங்கிக்கொள்வது என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது. வடலூரின் கணக்கு வேறு.

1867 வைகாசியில் வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். நிலம் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. எந்தச் சாதி, எந்த மதம் என்ற கேள்வி கிடையாது. பசி என்று வந்தால் சோறு. 1874 தை மாதம் மேட்டுக்குப்பத்தில் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாது வருஷப் பஞ்சம் வந்தது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. அப்போது வள்ளலார் இல்லை, அடுப்பு இருந்தது.

‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற நூலில் பசித்தவனின் உடம்பை ஒரு வைத்தியரைப் போல அவர் விவரிக்கிறார். கண் குழிவது, காது அடைப்பது, நா வறள்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். உண்டபின் அதே முகம் தெளிவதையும் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவருக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை. வள்ளலாருக்கு இறைவழிபாடு பசித்தவருக்குச் சோறிடும் அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இப்படி நாலு பேருக்குச் சோறு போடுவதில், வடிப்பதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பதம் பார்க்கப் பழகினால் போதும். பரிமாறுவதுதான் கடினம். பந்தியில் “போதும்” என்று இலைக்கு மேல் எழும் கைகள் எல்லாம் ஒன்றல்ல. இலையை மூடுகிற கை நிஜமாகவே போதும் என்கிறது. பாதியில் தயங்கி நிற்கிற கை, இன்னும் ஒரு கரண்டி கேட்கக் கூசுகிறது. இலையில் மிஞ்சிய குழம்பை வழித்துக்கொண்டிருக்கிற விரலுக்கு வாயே வேண்டாம். சாப்பிடுபவர் கேட்கும்முன் அங்கே போய்க் குனிய வேண்டும். குனியும்போது முகத்தில் தர்மம் செய்கிற பெருமை தெரியக் கூடாது. இந்த நேரத்தில் மனம் வேறெங்கும் போவதில்லை. நேற்றைய வருத்தமும் நாளைய கவலையும் அடுத்த இலையின் முன் நிற்பதில்லை. தியான வகுப்புகளுக்கு நான் விரோதியல்ல. ஆனால் கண்ணை மூடிப் பல நாள் தேடியும் பிடிபடாத அமைதி, ஒரு பந்தி முடிவதற்குள் பலருக்கு வந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஆகவே வீட்டில் பிள்ளைகளுக்கு உலை வைக்கவும், பதம் பார்க்கவும், வந்தவருக்கு இலை போட்டுப் பரிமாறவும் சொல்லிக் கொடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும்தான்.