கனவுத் தீவுக்கு மறுமுறை

'லிங்க்ஸ் அவேக்கனிங்' என்ற வீடியோ கேம் 1993இல் நிண்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காக வெளிவந்தது. செல்டா வரிசையில் கையடக்கக் கருவிக்கென்றே செய்யப்பட்ட முதல் ஆட்டம் அது. புயலில் படகு உடைந்து கோஹோலிண்ட் தீவில் ஒதுங்கும் நாயகன் லிங்க், அங்கிருந்து வெளியேற வேண்டுமானால் மலையுச்சியில் ஒரு பெரிய முட்டைக்குள் உறங்கும் காற்று மீனை எழுப்பியாக வேண்டும். அதற்கு 8 இசைக்கருவிகள் தேவை. ஆட்டம் பாதிக்கு மேல் நகர்ந்த பிறகு, ஒரு பழைய ஆலயத்தின் சுவர்ச் சித்திரம் விஷயத்தைப் போட்டு உடைக்கிறது: தீவும் அதில் வாழ்வோரும் அந்த மீன் காணும் கனவு. மீன் விழித்தால் எதுவும் மிஞ்சாது.

இன்று நிண்டெண்டோ ஸ்விட்சில் இந்தத் தீவுக்கு இரண்டு வழிகளில் போகலாம். 1998இல் வண்ணம் சேர்த்து வந்த 'டிஎக்ஸ்' பதிப்பு, 2023 பிப்ரவரி முதல் ஸ்விட்சின் சந்தா சேவையில் கிடைக்கிறது. கிரெஸ்ஸோ நிறுவனம் அடியிலிருந்து புதிதாகச் செய்த பதிப்பு 2019இல் வந்தது. பழைய ஆட்டத்தை மீண்டும் ஆடுகிறவர் அதே ஆட்டத்தைத்தான் ஆடுகிறாரா என்ற கேள்வி, ஒரே கருவியில் இரண்டு கோஹோலிண்ட் இருக்கும்போது கூர்மையாகிவிடுகிறது.

மூல ஆட்டம் 512 கிலோபைட்டுக்குள் அடங்கியது. திரை 160க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள். செயலுக்கு இரண்டே பொத்தான்கள் என்பதால் வாளைக்கூட ஏதாவதொரு பொத்தானில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு பொருள் தேவைப்பட்டால் அதை எடுத்துவிட்டு இதை வைக்க வேண்டும். தீவு 256 சதுரங்களாகப் பிரிந்திருந்தது. ஒரு சதுரத்தின் விளிம்பைத் தொட்டால் அடுத்தது திரைக்கு நகர்ந்து வரும். 2019 பதிப்பில் வாளுக்கும் கேடயத்துக்கும் தனித்தனிப் பொத்தான்கள் வந்துவிட்டன. நிலப்பரப்பு தடையின்றி விரிகிறது, உருவங்கள் பொம்மைகளைப் போல் பளபளக்கின்றன. சந்தா சேவையில் இருப்பது பழைய நிரலேதான். ஆனால் அதை இயக்குவது பழைய சில்லு அல்ல, அந்தச் சில்லைப் போல நடந்துகொள்ளும் ஓர் எமுலேட்டர்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட கலை பற்றிய நூலில் இத்தகைய சிக்கலுக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஓவியத்துக்கு மூலம் ஒன்றே. இசைப்படைப்புக்கோ எழுதப்பட்ட சுரக்குறிப்பே அடையாளம், அதன்படி வாசித்தது எல்லாம் அந்தப் படைப்புதான். ஒரு சுரம் பிசகினாலும் அது அந்தப் படைப்பின் நிகழ்வு ஆகாது என்னும் அளவுக்கு அவர் கறார். வீடியோ கேமுக்கு நிரலே சுரக்குறிப்பு என்று கொண்டால், 2019 பதிப்பு உடனே வெளியே போய்விடும். அதோடு நிற்காது. 1993 கார்ட்ரிட்ஜில் ஒரு பிழை இருந்தது: சதுரம் மாறும் அதே நொடியில் செலக்ட் பொத்தானை அழுத்தினால் லிங்க் புதிய சதுரத்தின் மறுகோடிக்குத் தாவிவிடுவான். 1998இல் அதைத் திருத்தினார்கள். குட்மன் கணக்குப்படி அந்தத் திருத்தமே போதும், டிஎக்ஸும் வேறு ஆட்டம்தான். இவ்வளவு இறுக்கிப் பிடித்தால் விளையாடுகிறவர்களின் பேச்சு வழக்கு முழுவதையும் தவறென்று தள்ள நேரும்.

இந்தியத் தத்துவத்தில் இதே சிக்கல் 'அதுவே இது' என்று அறியும் மீளறிவைச் சுற்றி விவாதிக்கப்பட்டது. மீளறிவு இருப்பதால் பொருள் நிலைத்திருக்கிறது என்பது நியாய மரபினரான நையாயிகர் வாதம். வெட்டிய முடியும் நகமும் மறுபடி வளர்ந்தபின் அவற்றையும் 'அதே' என்றுதானே சொல்கிறோம், ஒப்புமை ஏமாற்றுகிறது என்பது பௌத்தர் மறுப்பு. ஸ்விட்சில் பௌத்தர் பக்கமே வலுக்கிறது: நிரலளவில் துளியும் ஒட்டாத இரண்டு தீவுகளைப் பார்த்தும் ஒருவர் தயங்காமல் 'அதே தீவு' என்கிறார். ஆனால் நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் தொடக்கத்திலேயே வேறொன்றைக் கவனிக்கிறது. கண்ணால் கண்டதையே கையால் தொட்டேன் என்று ஒருவர் சொல்ல முடிகிறதென்றால், இரண்டு அறிவுக்கும் உரியவர் ஒருவராக இருந்தாக வேண்டும். அதாவது மீளறிவு பொருளைக் காட்டிலும் அறிபவரைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

மறு ஆட்டத்தில் மாறியிருப்பவரும் அந்த அறிபவரே. முதல்முறை ஆடியவர் இசைக்கருவிகளைத் தேடியபோது தீவை அழிக்கப்போவது அவருக்குத் தெரியாது. மறுமுறை வருகிறவருக்கு முதல் அடியிலேயே தெரியும். கடற்பறவையாகிப் பறந்துபோக ஆசைப்படும் மரின் என்ற பெண் பாடும்போதே, அவளை இல்லாமலாக்கும் வேலையில்தான் தன் கைகள் இறங்கியிருக்கின்றன என்பதை அவர் அறிவார். அழுத்தும் பொத்தான்கள் ஒன்றேயானாலும் செயல் ஒன்றல்ல.

கனவு விழிப்பால் பொய்யாக்கப்படுகிறது, விழிப்புலகப் பொருள்கள் அப்படிப் பொய்யாவதில்லை என்று பிரம்மசூத்திர உரையில் அத்வைதியான சங்கரர் இரண்டையும் பிரித்தார். கோஹோலிண்ட் முடிவில் பொய்யாகிறது. கருவியை இயக்கினால் மறுபடி நிற்கிறது. அத்வைதிகளுக்கு இது புதிதல்ல: கானல் என்று தெரிந்த பிறகும் கானல் நீர் கண்ணுக்குத் தெரியும், தெரிந்தவர் குடம் எடுத்துப் போகமாட்டார், அவ்வளவே. மறுமுறை ஆடுகிறவர் தெரிந்தே குடத்தோடு போகிறார். அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

கனவில் செய்த வினைக்கும் விழிப்பில் செய்த வினைக்கும் ஏன் ஒரே பயன் இல்லை என்று 'விம்சதிகை' என்ற நூலில் பௌத்த அறிஞர் வசுபந்து ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்கிறார். கனவில் உள்ளம் உறக்கத்தால் மழுங்கியிருக்கிறது, அதனால் பயன் வேறுபடுகிறது என்பது அவர் விடை. அப்படியானால் முதல் ஆட்டம் உறக்கத்தில் செய்த வினை. மறு ஆட்டம் விழித்திருந்து செய்தது, எடை கூடியது.

இந்த ஆட்டத்துக்கே ஒரு வினைக்கணக்கு உண்டு. கிராமத்துக் கடையில் பணம் தராமல் பொருளை எடுத்துக்கொண்டு நழுவினால், அதன்பின் தீவில் எல்லோரும் லிங்கைத் 'திருடன்' என்றே அழைப்பார்கள்; மறுபடி அந்தக் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் கொன்றுவிடுவார். ஒருமுறைகூட இறக்காமல் ஆட்டத்தை முடித்தவருக்கோ, மரின் பறந்துசெல்லும் காட்சி கூடுதலாகக் கிடைக்கும். கார்ட்ரிட்ஜில் இந்தக் கணக்கை ஒரு சிறு பேட்டரி காத்து வைத்திருந்தது. ஸ்விட்சின் சந்தா சேவையிலோ ஆட்டத்தைச் சில நொடிகள் பின்னோக்கி ஓட்டும் வசதி இருக்கிறது. திருடியவுடன் பின்னோக்கி ஓட்டினால் பழைய பெயர் திரும்பிவிடும். இறந்தவுடன் ஓட்டினால் அந்த இறப்பு எண்ணிக்கையில் ஏறாது. ஆட்டத்தின் நினைவகத்தைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை. வினை என்பது முதன்மையாக எண்ணமே என்பது 'அபிதர்மகோச'த்தில் வசுபந்து எடுக்கும் நிலை. அந்த அளவுகோலின்படி, பின்னோக்கி ஓட்டுவது பயனை மட்டுமே நீக்குகிறது; எடுக்க நினைத்த எண்ணம் கருவியைப் பிடித்திருப்பவரிடம் அப்படியே இருக்கிறது.