சாத்தியத்தின் கையிருப்பு

ஒரு கருவியை உபயோகிப்பது பற்றி நம்மிடம் ஏராளமான சிந்தனை இருக்கிறது. அதை வெறுப்பது பற்றி அதைவிட ஏராளம். ஆனால் ஒரு கருவியைத் திட்டமிடுவது—இன்னும் கையில் இல்லாத, மனதில் பகுதி பகுதியாகக் கூடிவரும் ஒன்றை மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருப்பது—எந்த வகையான மனச்செயல் என்று நாம் கேட்பதில்லை. கடைத்தெரு விஷயம், இலக்கியவாதிக்கு இதில் என்ன என்ற எண்ணம்தான் காரணமாக இருக்க வேண்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசை அறிவைப்போல வேஷம் கட்டிக்கொண்டு உலவும் இடங்களில் இது முக்கியமான ஒன்று.

வீடியோ கேம் ஆடவும் வீடியோ எடிட் செய்யவும் சேர்த்து, உள்ளதில் உயர்ந்ததாக ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை ஒருவர் அசெம்பிள் செய்துகொள்ள நினைக்கிறார். முழு மெஷினாகக் கடையில் வாங்கமாட்டார். ப்ராசஸர், மதர்போர்டு, ராம், கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கேபினெட் என்று தனித்தனியாகத் தேர்ந்து கூட்டுவார். அதற்கு ஒரு பட்டியல் தயாராகிறது. இந்தப் பட்டியல் படிக்கத் தகுந்த ஒரு பிரதி. இதில் எந்த வரிக்கும் தன்னளவில் அர்த்தம் கிடையாது. மற்ற வரிகளோடுள்ள உறவில்தான் ஒவ்வொன்றும் பொருள்படுகிறது. 2025 ஜனவரியில் வெளிவந்த என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டு, 32 ஜி.பி. நினைவகம் உள்ளது, 575 வாட் வரை மின்சாரம் இழுக்கக்கூடியது. அதைப் பட்டியலில் எழுதிய கணத்திலேயே பவர் சப்ளை 1000 வாட்டாகிவிடுகிறது. கேபினெட் அதன் நீளத்துக்கு இடம்விட வேண்டும். உள்ளே புழுங்கும் உஷ்ணம் வெளியேற வழி வேண்டும். ஒரு சொல்லை மாற்றினால் கவிதை முழுவதுமே அசைந்துகொடுப்பதைப் போல என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சொல்லமாட்டேன். கவிதையில் சொல் மாறினால் சொல்லப்படுவதே மாறிப்போகிறது. பட்டியலில் ஒரு வரி மாறினால் விலையும் வேகமும்தான் மாறுகின்றன; எதற்காக என்ற கேள்வி பட்டியலுக்கு வெளியே வாசற்படியிலேயே நிற்கிறது.

எதற்காக என்று கேட்டால் பதில் உடனே வரும்: கேமுக்கும் எடிட்டிங்குக்கும். தமிழின் எண்ணும்மை இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. ஆனால் இவை இரண்டு வேறு காலங்களைச் சேர்ந்த காரியங்கள். கேம் விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உள்ள ஆயுள் ஏறக்குறைய 16.67 மில்லி விநாடி. 4கே திரையில் அதற்குள் 82,94,400 புள்ளிகளுக்கும் நிறம் முடிவாக வேண்டும். தாமதமாகப் பிறக்கும் ஃப்ரேம் பிறக்காததற்குச் சமம்; ஆடுகிறவனின் கை அதற்குள் வேறெங்கோ போய்விட்டது. எடிட்டிங்கில் அப்படியில்லை. திரையில் ஓட்டிப் பார்க்கும்போது தடங்கல் கூடாது, உண்மைதான். அதற்குச் சிறிய நகல் ஃபைல்களை, ப்ராக்ஸிகளை, வைத்துச் சமாளிக்கும் வழி உண்டு. ஆனால் இறுதி ரெண்டரில் ஒரு ஃப்ரேம் ஒரு இரவு முழுக்கக் காத்திருந்து பிறந்தாலும் அது அதே ஃப்ரேம்தான். கேமின் காலம் நிர்ப்பந்தத்தின் காலம். எடிட்டிங்கின் காலம் தீர்மானத்தின் காலம். இந்த ஷாட்டை இங்கே நிறுத்துவதா, இன்னும் எட்டு ஃப்ரேம் விடுவதா என்ற கேள்விக்கு மில்லி விநாடிக் கெடு எதுவும் கிடையாது.

சில்லு செய்கிறவர்களுக்கு இந்தப் பிளவு நன்றாகத் தெரியும். 2025 மார்ச்சில் ஏ.எம்.டி. வெளியிட்ட ரைஸன் 9 9950எக்ஸ்3டி ப்ராசஸரில் 16 கோர்கள், எட்டெட்டாக இரண்டு துண்டுகளில். ஒரு துண்டுக்கு மட்டும் கூடுதல் கேஷ் நினைவகம் கொடுத்திருக்கிறார்கள். கேம்களுக்கு உதவுவது அதுதான். கேம் ஓடும்போது மென்பொருள் அதை அந்தத் துண்டுக்குள் நிறுத்திவைத்து, மற்ற எட்டுக் கோர்களை உறங்கப் போடுகிறது. ரெண்டர் செய்யும்போது பதினாறும் விழித்துக்கொள்கின்றன. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. 'இரண்டுக்கும்' என்று கேட்டு வாங்கிய மெஷினுக்குள்ளேயே எண்ணும்மை பிரிந்து கிடக்கிறது என்பதை வாங்கியவர் பல சமயம் கவனிப்பதுகூட இல்லை.

திட்டமிடுகிறவர்களின் நித்திய பயம் ஒன்றுண்டு. எல்லாம் வேகமாக இருந்து ஏதோ ஒன்று மட்டும் மெதுவாக இருந்தால் மொத்தமும் அந்த இடுக்கில் சிக்கிக்கொள்ளுமே என்ற பயம். இது நியாயமான பயம்தான். ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்திலிருந்து பிறந்த கணக்கு ஒன்று உண்டு: ஒரு வேலையில் நூற்றுக்கு 5 பங்கு ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே செய்யத்தக்கது என்றால், மீதி 95ஐ எத்தனை ஆயிரம் கைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாலும் மொத்தத்தில் 20 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. ஈய எழுத்துக் கோத்து டிரெடிலில் பத்திரிகை அடித்தவர்களுக்கு இது கணக்கில்லாமலே புரிந்த விஷயம். சின்ன அச்சகத்தில் எழுத்து போதாது. சில பக்கங்களைக் கோத்து, அடித்து, பிரித்து எழுத்துகளை அறைகளில் போட்ட பிறகுதான் அடுத்த பக்கங்களைக் கோக்க முடியும். மெஷின் எவ்வளவு வேகமாக அடித்தால் என்ன? இடுக்கை யாரும் ஒழித்துவிட முடிவதில்லை. ப்ராசஸரிலிருந்து கார்டுக்கு, கார்டிலிருந்து டிஸ்க்குக்கு, டிஸ்க்கிலிருந்து மின்சாரத்துக்கு அதை நகர்த்தத்தான் முடியும். பணம் தாராளமாக இருந்தால் நகர்த்தி நகர்த்தி, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் கொண்டுவந்து நிறுத்தலாம். உயர்ந்த விலைக்கு உண்மையில் வாங்கப்படுவது இதுதான்: இனி தாமதத்துக்கு என்னைத் தவிர வேறு காரணம் இல்லை என்ற நிலைமை. அதைத் தாங்கும் திராணி எத்தனை பேருக்கு இருக்கிறது?

அந்த நிலைமை வராமலிருக்க ஒரு தந்திரம் இருக்கிறது. எதிர்காலம். 'ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை' என்ற வாக்கியத்தைச் சொல்லிப் பட்டியலின் எந்த வரியையும் ஒரு படி உயர்த்திவிடலாம். எதிர்காலத்துக்காகத் திட்டமிட்டதற்கு வீடியோ கேமின் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஜெர்மனியின் க்ரைடெக் 2007இல் வெளியிட்ட 'க்ரைஸிஸ்' அன்றிருந்த சிறந்த மெஷின்களையும் உச்ச அமைப்பில் திணறவைத்தது. நாளைய மெஷினை மனதில் வைத்துச் செய்யப்பட்ட கேம் அது. ஆனால் அவர்கள் எதிர்பார்த்த நாளை, ஒற்றைக் கோரின் வேகம் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும் நாளை. அது வரவில்லை. இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை 2004இலேயே கைவிட்டிருந்தது. உலகம் பல கோர்களின் பக்கம் திரும்பியது. ஒன்றிரண்டு கோர்களிலேயே பாரத்தைச் சுமத்திய க்ரைஸிஸ், பல வருஷம் பிந்தி வந்த மெஷின்களிலும் சில காட்சிகளில் தள்ளாடியது. எதிர்காலத்துக்கென்று கட்டியதில் 2007இன் கற்பனை அப்படியே பாடம்செய்து வைக்கப்பட்டிருக்கிறது. நாளைய கேமுக்காக இன்றைய மெஷினைத் திட்டமிடுகிறவர் இதே காரியத்தை மறுமுனையிலிருந்து செய்கிறார்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். அரிஸ்டாட்டில் மெட்டாஃபிசிக்ஸின் ஒன்பதாம் புத்தகத்தில் மெகாரா மரபுத் தத்துவவாதிகளோடு ஒரு சண்டை போடுகிறார். செயல்படும்போது மட்டும்தான் ஒருவனுக்கு ஆற்றல் இருக்கிறது, வீடு கட்டாத நேரத்தில் கொத்தனார் கொத்தனார் அல்ல என்பது அவர்கள் கட்சி. அரிஸ்டாட்டில் மறுக்கிறார்: வேலையை நிறுத்தினால் கலை போய்விடுமா, மறுபடி தொடங்கும்போது எங்கிருந்து வருகிறது? உறங்கும் ஆற்றலும் ஆற்றல்தான். நம் பட்டியல்காரர் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். தன் உறங்கும் எட்டுக் கோர்களுக்கும் ஒரு கிரேக்கச் சான்றிதழ். ஆனால் அதே புத்தகத்தில் சற்றுத் தள்ளி இன்னொன்றும் வருகிறது. குழல் வாசிப்பதைப் போன்ற ஆற்றல்கள் முன்னதாக வாசித்து வாசித்தே கைகூடுபவை. அதாவது இந்த வகை ஆற்றல் செயலின் வண்டல். செயலுக்கு முன்னால் அதைச் சேமித்துவைக்க வழியில்லை. மெஷினின் ஆற்றலோ வேறு யாரோ செய்த வேலையின் வண்டல்; பணம் கொடுத்தால் கைமாறுகிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால், மெஷினுக்கு வந்தது தனக்கும் வந்ததாக ஒருவர் நம்பிவிட முடிகிறது. இதைப் பொய் என்று சொல்லமாட்டேன். பொய்யில் இன்னொருவன் ஏமாற வேண்டும். இங்கே ஏமாறுவதற்கு வேறு ஆள் இல்லை.

எடிட்டிங்கில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வால்டர் மர்ச்சின் கணக்கு ஒன்று உண்டு. கொப்போலாவின் 'அபோகலிப்ஸ் நௌ' (1979) படத்துக்கு 12,50,000 அடி ஃபிலிம் எடுக்கப்பட்டது; 230 மணி நேரத்துக்கு மேல். திரைக்கு வந்தது 2 மணி 25 நிமிஷம். எடிட்டர்கள் செலவிட்ட நாட்களை இறுதியில் நின்ற வெட்டுகளோடு வகுத்துப் பார்த்தால், ஓர் எடிட்டருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக்கும் சற்றுக் குறைவான வெட்டுதான் தேறுகிறது. ஒன்றரை வெட்டுக்குச் சில விநாடி போதும். மிச்ச நாள் முழுவதும் செய்து பார்ப்பதும் கலைப்பதும் திரும்ப ஓட்டுவதும்தான். மர்ச் பழமையின் பக்தரும் அல்ல. 1996இன் 'த இங்கிலிஷ் பேஷன்ட்' படத்தை ஆவிட் கம்ப்யூட்டரில் எடிட் செய்து ஆஸ்கார் வாங்கினார். 2003இல் 'கோல்ட் மவுண்டன்' படத்தைக் கடையில் எவரும் வாங்கக்கூடிய மேக் கம்ப்யூட்டர்களில் முடித்தார். ஆனால் ஒரு நஷ்டத்தை அவர் குறித்துவைத்திருக்கிறார்: ஃபிலிம் சுருளை ஓட்டித் தேடும்போது தேடாத ஷாட்டுகள் கண்ணில் பட்டுக்கொண்டே போகும், கேட்டது கிடைப்பதற்கு முன்பே, கேட்கத் தெரியாமலிருந்தது கிடைத்துவிடும். கம்ப்யூட்டர் கேட்டதைக் கேட்ட உடனே தருகிறது. அதோடு சரி.

இதைக் கேட்டதும், பழைய மெஷினே உத்தமம், குறைவே அழகு என்று சிலர் கையைத் தேய்த்துக்கொண்டு வருவார்கள். நம் வட்டத்தில் இவர்கள் அதிகம். வறுமையைப் பாணியாக்கிக் காட்டுவதில் நமக்கு நீண்ட பயிற்சி. 8 ஜி.பி. ராமில் 4கே ஃபுட்டேஜைப் போட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் திரை உறைந்து நிற்பதைப் பார்த்தவருக்கு அந்தக் காத்திருப்பில் எந்தச் சிந்தனையும் பிறப்பதில்லை, எரிச்சல்தான் பிறக்கிறது. யோசனையின் நூல் அறுந்துபோகிறது. மர்ச்சின் சுருள் மெதுவாக இருந்தது. ஆனால் அந்த மெதுவில் படம் ஓடிக்கொண்டிருந்தது, கண் பார்த்துக்கொண்டிருந்தது. உறைந்த திரையில் பார்க்க ஒன்றுமில்லை. எல்லாத் தாமதமும் ஒரு ஜாதியல்ல. ஆகவே திட்டமிடுகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எவ்வளவு வேகம் என்பதல்ல, எந்தத் தாமதத்தோடு நான் வாழத் தயார், எதோடு முடியாது என்பது. இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலில் பதில் கிடைக்காது. செய்துகொண்டிருக்கும் வேலையில்தான் கிடைக்கும். வேலையே இன்னும் தொடங்காதவருக்குப் பதிலே கிடையாது. அவர்தான் எல்லா வரியையும் உச்சத்தில் எழுதுகிறார்.

அடுத்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பட்டியல் நம்முடைய ஆசையால் மட்டும் தீர்மானமாவதில்லை. 2021இல் கிராஃபிக்ஸ் கார்டுகள் ஈதர் நாணயம் தோண்டப் போயின. 2022 செப்டம்பரில் எத்தீரியம் முறையை மாற்றிக்கொண்டதும் அதே கார்டுகள் பழைய சாமானாகத் திரும்பிவந்தன. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்ள, ராமின் விலை எகிறியது. பெரிய ஆசைகளின் வால்பிடித்துச் சின்ன ஆசை ஓடுகிறது. இதில் தனிமனிதக் குற்றம் என்று எதையும் என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. உபயோகமற்றுக் கிடக்கும் 32 ஜி.பி. கார்டு பாவமல்ல. ஆனால் அது சும்மாவும் இருப்பதில்லை. தனக்குத் தகுந்த வேலை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. சாதனம் இலக்கைத் தேடும் இந்தத் தலைகீழை மெஷின் உயிர்பெற்ற முதல் நாளிலேயே பார்க்கலாம். பெரும்பாலும் அன்று ஓட்டப்படுவது கேமும் அல்ல, எடிட்டிங்கும் அல்ல. வேகத்தை அளக்கும் ஒரு மென்பொருள். சினிபெஞ்ச் என்று ஒன்றிருக்கிறது. ஒரு படத்தைத் திரும்பத் திரும்ப முழுசாக வரைந்து மதிப்பெண் போடுகிறது. அந்தப் படத்தை யாரும் பார்ப்பதில்லை. எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

பட்டியலின் கடைசி வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இன்னொரு ஹார்ட் டிஸ்க். எடிட் செய்த வீடியோக்களுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ள. இதனால் எந்த வேகமும் கூடாது. ஒரு ஃப்ரேம்கூட அதிகம் வராது. யாரும் இதைப் படம்பிடித்து நண்பர்களுக்குக் காட்டுவதில்லை. மற்ற வரிகளெல்லாம் இனி நடக்கக்கூடியதைப் பார்த்து நிற்கும்போது, நடந்து முடிந்த வேலையைப் பார்த்து நிற்பது இது ஒன்றுதான். கார்டின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை சொற்பம். மொத்தத் தொகை கைமீறிப் போகும்போது முதலில் அடிக்கப்படுவது இந்த வரிதான்.