மயக்கத்திற் கேட்ட ஒலி

சென்ற கார்த்திகைத் திங்களில், திண்டுக்கல் அபிராமியம்மை திருக்கோயிலில் வழிபாடாற்றி அமர்ந்திருந்த எம்மை, சித்தாந்த நூல்களிற் சிறிது பயிற்சியுடைய இளைஞரொருவர் அணுகி ஓர் ஐயம் வினாவினர். அவர் கோடைக்கானல் மலைக்குச் சென்றபோது, ஆண்டு மழைக்காலத்து முளைக்கும் மயக்கக் காளானை நண்பரோடு உண்டனராம். சில நாழிகையில் வண்டொலியும், பின்னர் மத்தள முழக்கமும், ஈற்றிற் சிலம்பொலியும் தெளிவுறக் கேட்டனராம்; கண்ணீர் பெருகிற்றாம். “ஐயா, அது கூத்தப்பெருமான் சிலம்பொலியன்றோ? அதன்பின் நாடோறும் செய்யும் பூசையிற் சுவை தோன்றாமையின் நிறுத்திவிட்டேன்” என்றனர். அக்காளானிலுள்ள சைலோசைபின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்துள் அடங்குவதென எடுத்துரைத்தோம். ஆயினும், பூசை நின்றமையே எம்மைப் பெரிதும் வருத்திற்று.

காட்சியளவை இந்திரியக்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நால்வகைத்து. புறத்தே ஒலி எழாமையின் இஃது இந்திரியக்காட்சியன்று. யோகக்காட்சி என்பர் இளைஞர். அது மலவலி அடங்கிய வழி நிகழ்வது. ஈண்டு அடங்கியது மலமன்று, திரிந்தது கருவியே. 1958-இல் ஆல்பர்ட் ஹாப்மன் என்னும் சுவிட்சர்லாந்து இரசாயன அறிஞர் காளானினின்றும் பிரித்தறிந்த அப்பொருள், உடம்பிற் சைலோசினாக மாறி, மூளையிற் செரட்டோனின் பற்றுதற்குரிய இடங்களைத் தான் பற்றிப் புலனுணர்வைத் திரிக்கும் என்ப. ஆகவே இது திரிபுணர்ச்சி. கயிற்றைப் பாம்பெனக் காண்பார்க்குக் கயிறேனும் உண்டு. இவர்க்கு அதுவும் இல்லை. எனினும் அவர் எய்திய உருக்கம் தன்வேதனையாதலின் அதனைப் பொய்யென்னோம். அழுகை மெய், ஒலி பொய்.

அற்றேல், கழறிற்றறிவார் கேட்ட சிலம்பொலியும் பிறர் எவரும் கேளாததன்றோ, அதனை மட்டும் மெய்யென்றல் யாங்ஙனம் எனின், நன்று வினாவினர். பிறர் கேளாமை பற்றி யாம் இதனை மறுத்திலேம். சேரமான் பெருமாள் நாடோறும் பூசை முடிவிற் கேட்ட அவ்வொலி ஒருநாள் எழவில்லை. பெருமான் தில்லையிற் சுந்தரர் பாடலைக் கேட்டிருந்தமையின் தாழ்த்தது. அஃதறியாத மன்னர் தம் பிழையென்றே கருதி உடைவாளை உருவினர். அவ்வொலி அவர் ஏவலுக்கு உட்பட்டதன்று, அருளுவான் திருவுளத்தது. காளான் ஒலியோ, விழுங்கினாற் கடன் தீர்ப்பதுபோல் வந்து நிற்கும். தாழ்த்தவிடத்துத் தம்மை நொந்துகொள்வாரும் இலர். இன்னும் சிறிது உண்பாரே உளர்.

இன்னுமொன்று. மெய்யாகவே நாதம் கேட்டாரென்று கொள்ளினும், நாதம் சுத்தமாயையின் காரியம், சடம். அதனைப் பதியென்று தங்குதல் பாசத்திற் றங்குதலேயாம். உயிரோ சார்ந்ததன் வண்ணமாவது. காளானைச் சார்ந்த உயிர் எதன் வண்ணமாம் என்பதை இளைஞரே ஓர்க.

ஊமத்தமலரை இறைவன் சூடினானே எனவும் அவர் வினாவினர். அவன் நஞ்சும் உண்டான்! ஊமத்தையிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபாலமினும் இல்லாதவற்றைக் காட்டுதலோடு உயிர்க்கே இறுதி செய்யவும் வல்லன. அது சாத்துதற்குரியது, உண்ணுதற்குரியதன்று.

இவ்விடத்து எம் பேதைமையும் சொல்லத்தகும். சில ஆண்டுகட்கு முன் இரவில் எம் செவிகளில் இடையறாது ஓரொலி எழுந்தது. தச நாதத்துள் ஒன்றோவென உள்ளம் பூரித்துத் திங்களிரண்டு எவர்க்கும் உரையாதிருந்தோம். மருத்துவர் நோக்கி, முதுமையிற் செவிநரம்பு தளர்ந்தமையென்றனர். இன்றும் அது ஒலித்துக்கொண்டேயிருக்கின்றது. அந்த இரண்டு திங்களில் எமக்கிருந்த செருக்கை நினைக்குந்தோறும் நாணுகின்றோம். ஆதலின் இளைஞரைக் கடிந்துரைக்க நாவெழவில்லை.

நெடிது வாளாவிருந்து, “ஒன்றும் கேளாவிடினும் பூசை செய்யலாமோ?” என்றனர்.

நாற்பதாண்டுகளாக எம் பூசையில் யாம் கேட்டது கைம்மணியோசை ஒன்றே என்றோம்.