யாரும் வெறுக்காமல் நடந்த இம்சை

போஹாங் தெருவில் வெள்ளத்தைப் பிளந்துகொண்டு வந்த கவச வண்டியைக் கைபேசியில் பார்த்துவிட்டு, அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். 2022 செப்டம்பர் 6, ஹின்னம்னோர் சூறாவளி தென்கொரியாவின் அந்தத் துறைமுக நகரை மூழ்கடித்த நாள். உலோகவியல் ஆராய்ச்சிக்காக நான் அங்கே இருந்தேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் மட்டும் ஏழு பேர் இறந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் கொரிய மரைன் படை தன் கவச வண்டிகளை இறக்கி, சிக்கிக்கொண்டவர்களை மீட்டது.

“ஏம்ப்பா, இது எதுக்குச் செஞ்ச வண்டி?” என்று கேட்டாள். கப்பலிலிருந்து கடலில் இறங்கி எதிரியின் கரையில் ஏறுவதற்கு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அப்ப நான் கும்பிட்டது தப்பா?”

நாங்கள் பொன்னூர் மலையடிவாரத்துச் சமண நயினார் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர்கள், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறவர்கள். எங்கள் வீட்டில் இப்படி ஒரு கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது.

வண்டியின் பிறப்பைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1926லும் 1928லும் அடித்த சூறாவளிகளில் பெருந்திரளான மக்கள் மாண்டார்கள். படகு தரை தட்டும், கார் சேற்றில் புதையும் சதுப்புநிலம் அது. புரூக்ளின் பாலத்தைக் கட்டிய ரோப்ளிங் குடும்பத்து டொனால்ட் ரோப்ளிங், அங்கே ஆட்களை மீட்பதற்காகவே 1935இல் அலுமினியத்தில் ஒரு சங்கிலிப்பட்டை வண்டியைச் செய்தார். முதலையின் பெயரையே அதற்கு வைத்தார். ‘லைஃப்’ பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து அமெரிக்க மரைன் படை தேடி வந்தது. 1943 நவம்பரில் பசிபிக் கடலின் தராவாவில், பவளத்திட்டில் படகுகள் முட்டி நின்றபோது, இந்த வண்டிகள்தான் திட்டின் மேலேறிக் கரைக்குப் போயின. மூன்று நாளில் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்கர்களும் ஜப்பானியப் படை அநேகமாக முழுவதும் செத்தார்கள். அரண் கட்டுவதற்காக ஜப்பானியர் கொண்டுபோயிருந்த கொரியத் தொழிலாளர்கள் சுமார் 1,200 பேரில் மிஞ்சியவர்கள் 129 பேர்.

வெள்ளத்துக்கு என்று பிறந்தது போருக்குப் போனது, பிறகு அந்தக் கொரியர்களின் நாட்டிலேயே வெள்ளத்துக்குத் திரும்பி வந்தது. செய்தவனின் நோக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் எந்த வருடத்து நோக்கத்தை எடுத்துக்கொள்வது? இரும்பைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றுவது வீண்வேலை என்று அப்போதே தோன்றிவிட்டது.

பொன்னூர் மலையில் தவமிருந்தவர் என்று நாங்கள் வணங்கும் குந்தகுந்தர், தம் பிரவசனசாரம் என்ற நூலில் வேறொரு அளவுகோல் வைக்கிறார். பார்த்துப் பார்த்து அடிவைக்கிறவன் காலில் எறும்பு சிக்கினாலும் வினை ஒட்டாது. கவனமில்லாமல் நடக்கிறவனுக்கு, எறும்பு பிழைத்துக்கொண்டாலும் இம்சை நிச்சயம். சின்ன வயதில் இது எனக்குக் கடுமையாகப் பட்டது. ஒன்றுமே சாகாதபோது எப்படிப் பாவம் வரும்? அந்தக் கடுமையின் நியாயம் சான் கிளமென்டே விபத்தைப் படித்தபோதுதான் விளங்கியது.

2020 ஜூலை 30. கலிஃபோர்னியாவுக்கு அப்பால் உள்ள அந்தத் தீவில் பயிற்சி முடித்து, இதே குலத்து அமெரிக்க வண்டி ஒன்று 16 பேருடன் கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் கசிந்தது. கணுக்கால்வரை வந்தது, பிறகு இருக்கைவரை வந்தது. முதல் கசிவிலிருந்து மூழ்கியதுவரை முக்கால் மணி நேரம் இருந்தது. அவ்வளவு நேரம் இருந்தும் எல்லோரும் வெளியே வரவில்லை. எட்டு மரைன் வீரர்களும் ஒரு கடற்படை மருத்துவ உதவியாளரும் வண்டியோடு 117 மீட்டர் ஆழத்துக்குப் போனார்கள். 18 வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பழுதான நிலையில் ஒப்படைக்கப்பட்ட பழைய வண்டிகள், மூழ்கும் வண்டியிலிருந்து தப்பும் பயிற்சியை முடிக்காத வீரர்கள், அருகில் நிற்கவேண்டிய பாதுகாப்புப் படகு இல்லாமை என்று அடுக்கிய விசாரணை, இது தவிர்த்திருக்கக் கூடியது என்று முடித்தது.

அந்தப் படகில்லாமல் அதற்கு முன்பு எத்தனை வண்டிகள் பத்திரமாகத் திரும்பியிருந்தாலும், குந்தகுந்தர் கணக்கில் அன்றைக்கே இம்சை தொடங்கிவிட்டது. சாவு பிறகுதான் வந்து சேர்ந்தது. இதில் எதிரி இல்லை, கோபம் இல்லை, சுட்டவன் இல்லை. எண்ணத்தை மட்டும் எடைபோடும் எந்த அறமும் இங்கே எல்லோரையும் விடுவித்துவிடும்.

கொரியாவில் நடந்தது இன்னும் கசப்பானது. 2023 ஜூலையில் யெச்சோன் பகுதியில் மழை வெள்ளம் ஆட்களை அடித்துக்கொண்டு போனது. தேடுவதற்கு போஹாங்கிலிருந்து மரைன் படை போனது. 18ஆம் தேதி கவச வண்டி ஒன்றை ஆற்றில் இறக்கிப் பார்த்தார்கள். நீரோட்டம் தாங்காமல் சில நிமிடங்களில் கரையேற்றிவிட்டார்கள். இருபது டன்னுக்கு மேல் எடை, கடலில் ஓடுவதற்கென்றே செய்தது, அதற்கே முடியவில்லை. மறுநாள் காலை அதே ஆற்றில் இளம் வீரர்களை வரிசையாகக் கைகோத்து இறக்கினார்கள், லைஃப் ஜாக்கெட்கூட இல்லாமல். ஒருவரை வெள்ளம் கொண்டுபோனது. அவருக்கு வயது 20. அந்தச் சாவை விசாரித்து அறிக்கை தந்த மரைன் கர்னல் மீதே கீழ்ப்படியாமை வழக்குப் போட்டார்கள். 2025 ஜனவரியில் ராணுவ நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இரும்பு திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் உடம்பை அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர்கள் கெட்ட எண்ணத்தோடு அனுப்பினார்கள் என்று நான் நினைக்கவில்லை. காணாமல்போனவர்களைக் கண்டெடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு யாரும் தப்பிக்கக் கூடாது என்பதற்காகத்தான் எங்கள் ஆசாரியர் கவனத்தை எண்ணத்துக்கு மேலே வைத்தார் என்று நம்புகிறேன்.

அம்மா வண்டியைக் கும்பிட்டதில் தப்பில்லை. அன்று அதை ஓட்டியவர்கள் ஆழம் பார்த்து, வேகம் பார்த்து, ஏற்றிய ஒவ்வொருவரையும் கரைசேர்த்தார்கள். அது அகிம்சை என்றே சொல்வேன். யெச்சோனில் நடந்ததைக் கொலை என்று சொல்ல மாட்டேன், விபத்து என்று கைகழுவவும் மாட்டேன். அது இம்சை. அதன் வினை, கரையில் நின்று ‘இறங்கு’ என்று சொன்னவர்களைச் சேர்ந்தது.