அரைமண்டிக்கு எத்தனை டிகிரி?

செங்கல்பட்டில் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு பரதம் கத்துக்கணும்னு ஆசை வந்தால் என்ன செய்யும்? 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா திருவான்மியூரில் இருக்கிறது. தினமும் போய்வர முடியாது. மாமல்லபுரம் நாட்டிய விழாவுக்குத் திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய 30 கி.மீ.தான். ஆனால் அங்கே பார்க்கலாம், கத்துக்க முடியாது. மிச்சம் இருப்பது வீட்டிலுள்ள போன். அதனால் ‘இயந்திரத்துக்கு ஆன்மா கிடையாது’ என்று தொடங்கும் வாதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. நல்ல ஆசிரியர் பக்கத்துத் தெருவிலேயே கிடைத்தவர்கள் பேசுகிற பேச்சு அது.

என் சந்தேகம் வேறு. கூகுளின் மீடியாபைப் போன்ற இலவசக் கருவி, கேமராவில் தெரியும் உடலில் 33 புள்ளிகளைக் குறிக்கும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூன்று புள்ளி கிடைத்தால் முழங்கால் மடிப்பின் கோணம் வந்துவிடும். என்னைப் போல மென்பொருள் எழுதுபவனுக்கு இது ஒரு சாயங்கால வேலை. சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது: அந்தக் கோணத்தை எதோடு ஒப்பிடுவது? ‘சரி’ என்பதற்கு ஓர் எண்ணை யாராவது எழுதியாகணும்.

பந்தநல்லூர் பாணியும் வழுவூர் பாணியும் ஒன்றல்ல. ஒன்றின் வீடியோக்களை மட்டும் காட்டிப் பழக்கிய செயலி, மற்றதைப் பிழை என்று சிவப்பில் காட்டும். எந்தப் பாணிக்கும் யாரும் தடை போட வேண்டியதில்லை. மார்க் குறைந்தாலே போதும், பிள்ளைகள் தாமாக மாறிக்கொள்வார்கள். சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ படத்தில், ஐம்பதுகளின் கடைசியில் இருந்த பாலசரஸ்வதி கடலைப் பின்னால் வைத்து ஆடுகிறார். அதற்கு என்ன மார்க் வரும்? அந்த 33இல் முகத்துக்கு 11 புள்ளி. இதைவிட நுணுக்கமான முக மாடல்கள் உண்டு. புள்ளி கூடினாலும் கேள்வி அதேதான்.

ஆசிரியரும் ஒரு பாணியைத்தான் திணிக்கிறார், அவரும் தவறுவார் என்பது நியாயமான எதிர்வாதம். ஆனால் பிள்ளை ‘முட்டி வலிக்குது’ என்றால், ‘இன்னும் உட்காரு’ என்பதா, ‘இன்னிக்குப் போதும்’ என்பதா என்று முடிவெடுப்பவர் அதற்குப் பொறுப்பாளி. அவர் முகம் தெரியும்; பிள்ளையின் அம்மா நேரில் போய்க் கேட்கலாம். செயலியிலும் அந்த எண்ணை எழுதியது ஒரு மனிதர்தான். திரையில் அவர் பெயர் மட்டும் இல்லை.

போனே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நேற்று ஆடியதையும் இன்று ஆடியதையும் அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். நல்ல கண்ணாடி அது. மார்க் போடுவதென்றால், யாருடைய பாணி, யார் வைத்த எண் என்பதை முதல் திரையிலேயே சொல்லட்டும். நேரில் கற்பவர் தன் குருவின் பெயரைச் சொல்லிக்கொள்கிறார். செங்கல்பட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.