பெட்டையை யார் கேட்டார்?

தாய் குனிந்து தன் கால்களுக்கிடையே தலையை விடுகிறது. பல்லால் மெல்லப் பிடித்து இழுக்க, குட்டி வந்து விழுகிறது. பனிக்குடத்தைக் கிழித்து, மூக்கையும் வாயையும் நக்கிவிடுகிறது. ஈரம் காய்வதற்குள் அடுத்தது. அரைமணி நேரத்தில் மூன்றோ நான்கோ குட்டிகள். உடம்பெல்லாம் மயிர், வாயில் பல், திறந்த கண். சில மணி நேரத்தில் ஓட்டம். ஓரிரு நாளில் தாயின் புல்லிலேயே வாய் வைத்துவிடும். கினி பன்றி குட்டி போடும் வீட்டில் பிள்ளைகள் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போக அடம்பிடித்தால் ஆச்சரியமில்லை.

‘பிள்ளைகள் பார்க்கட்டுமே’ என்பது வீட்டில் ஜோடி சேர்ப்பவர்கள் சொல்லும் ஒரு காரணம். இன்னொன்று கொஞ்சம் தத்துவ வாசனையோடு வரும்: சேர்க்காவிட்டால் இந்த உயிர்கள் பிறந்தே இருக்காதே, பிறக்கவைத்தது அவற்றுக்குச் செய்த நன்மைதானே?

இந்த வாதம் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது. எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் தந்தை லெஸ்லி ஸ்டீபன் 1896இல் வெளியான நூலில், பன்றிக்கறியை எல்லோரும் விட்டுவிட்டால் பன்றியே இருக்காது, ஆகவே கறி தின்பவர்களால் அதிகம் ஆதாயம் பெறுவது பன்றிதான் என்ற பொருளில் எழுதினார். 1914இல் ஹென்றி சால்ட் இதற்குச் ‘சரக்கறைத் தர்க்கம்’ என்று பெயர் சூட்டி மறுத்தார். லண்டனில் மாணவராக இருந்த காந்தியை, தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக மட்டுமல்லாமல் மனம் ஒப்பியே சைவராக்கிய புத்தகத்தை எழுதிய அதே சால்ட். அவர் பதில் எளிமையானது: நன்மை பெற முதலில் ஓர் உயிர் இருக்க வேண்டும்; பிறப்பதற்கு முன் அங்கே யாருமே இல்லை.

கினி பன்றியைப் பொறுத்தவரை சரக்கறை வெறும் உவமை அல்ல. ஆண்டீஸ் மலைமக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதை ‘குய்’ என்று அழைத்து, அடுப்படியில் ஓடவிட்டு வளர்த்து, சாப்பிட்டும் பலியிட்டும் வந்திருக்கிறார்கள். பெருவின் குஸ்கோ பேராலயத்தில் மார்க்கோஸ் சபாட்டா 18ஆம் நூற்றாண்டில் வரைந்த இயேசுவின் கடைசி விருந்துப் படத்தில், நடுத்தட்டில் மல்லாந்து கிடப்பது குய்தான் என்பார்கள்.

சால்ட் சொன்னது சரி. ஆனால் அந்தக் கத்தி இருபக்கமும் வெட்டும். வெள்ளை மயிரும் நிற மயிரும் கலந்து வளரும் ‘ரோன்’ வகையில் இரண்டைச் சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து: தூய வெள்ளையாக, பெரும்பாலும் குருடாக, செவிடாக, பல் கோணலாகப் பிறக்கும். பல குட்டிகள் சீக்கிரமே செத்துப்போகும். இந்தக் குட்டிக்குத் தீங்கு செய்துவிட்டதாகச் சொல்ல முடியுமா? வேறு ஆணோடு சேர்த்திருந்தால் பிறந்திருப்பது வேறு குட்டி, இது அல்லவே. தத்துவ அறிஞர் டெரெக் பார்ஃபிட் 1984இல் மனிதக் குழந்தைகளை வைத்துப் போட்ட முடிச்சு இது. தத்துவத் துறைகள் இன்னும் அதை அவிழ்த்துக்கொண்டிருக்கின்றன.

அவிழ்க்கட்டும். பிறக்காத உயிருக்காக இரு தரப்பும் வழக்காடும்போது, ஏற்கெனவே பிறந்து கூண்டில் புல் மென்றுகொண்டிருக்கும் ஒன்றை எவரும் சாட்சிக்குக்கூட அழைப்பதில்லை. அது பெட்டை.

அதன் கணக்கைப் பார்க்கலாம். எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம். கினி பன்றிக்கு ஒன்பது வாரத்துக்கும் மேல். குட்டி முழுசாக வளர்ந்தே வெளிவருவதால், 900 கிராம் தாயின் வயிற்றில் 90 கிராம் குட்டிகள் நான்கு இருக்கலாம். 60 கிலோ பெண் 24 கிலோ சுமப்பதற்கு அது சமம். இடுப்பெலும்பின் முன்பொருத்து பிரசவ சமயத்தில் விரல் நுழையும் அளவுக்கு விலகிக்கொடுக்க வேண்டும். தலையீற்று ஏழெட்டு மாத வயதுக்கு மேல் தள்ளிப்போனால் அந்தப் பொருத்து இறுகி, குட்டி வழியில் சிக்கலாம். பிறகு அறுவைதான், அதில் தாய் பிழைப்பதும் நிச்சயமில்லை. கடைசி வாரங்களில் உணவைத் தொடாமல் சோர்ந்து உட்கார்ந்தால் சினைநஞ்சாக இருக்கலாம். அது ஓரிரு நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும். கூண்டில் ஆணை விட்டுவைத்திருந்தால், குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெட்டை மறுபடி சினைப்பட்டுவிடும்.

பொறுப்பாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பிரசவத்துக்கு முன்பே ஆணைப் பிரிப்பார்கள். மனிதரைப் போலவே கினி பன்றியின் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது என்பதால் சினைப்பெட்டைக்குக் குடைமிளகாயைக் கூட்டிக் கொடுப்பார்கள். ஆண்குட்டிகளை மூன்றாம் வாரமே தாயிடமிருந்து விலக்குவார்கள். இல்லையேல் தாயையோ தங்கையையோ சினையாக்கிவிடும். ஒவ்வொரு குட்டிக்கும் வீடு பார்த்த பிறகே ஜோடி சேர்ப்பார்கள். இத்தனை செய்தாலும் அந்த இடுப்பெலும்பின் ஆபத்து குறையுமே தவிர நீங்காது. பார்த்து ரசிக்க ஒருவருக்கு ஆசை, உயிரைப் பணயம் வைப்பது மற்றொன்று. இந்த ஏற்பாட்டை நன்மை என்று அழைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

அப்படியானால் துணையே வேண்டாமா? வேண்டும், கூட்டமாக வாழும் பிராணி இது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினி பன்றியைத் தனியாக வளர்ப்பது சட்டவிரோதம். விளைவு ஒரு விசித்திரமான சங்கிலி: இரண்டில் ஒன்று சாகும், துணைக்குப் புதியது வாங்க வேண்டும், பிறகு பழையது சாகும், புதியது தனியாகும். ஜூரிக் பக்கத்தில் ஒரு பெண்மணி இதற்கு வழி கண்டுபிடித்தார். காயடித்த ஆணை விலைக்குக் கொடுப்பார். வீட்டிலிருக்கும் கிழம் இருக்கும்வரை அதற்குத் துணை இருந்துவிட்டு, பிறகு அது திரும்பி வரலாம். பாதிப் பணம் வாபஸ்.