ஈரத் தானியமும் இயந்திர எழுத்தும்

கூலி கொடுத்து எழுதுவிக்கும் எழுத்துக்குப் பொறுப்பாளி யார்? சிம்பாங் அம்பாட்டிலும் பினாங்குத் தீவிலும் கடை நடத்தும் நம்மவர் இக்காலை சிந்திக்க வேண்டிய கேள்வி இது. கணக்கு, வரி, வழக்கு ஆகியவற்றில் நமக்குத் துணை நிற்கும் தணிக்கையாளரும் வழக்கறிஞரும் ஆலோசகரும், கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவைத் தம் அலுவல்களில் கையாளத் தொடங்கிவிட்டனர்.

இயந்திரத்தை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. மணிச்சட்டம் போய்க் கால்குலேட்டர் வந்தபோது அதனைக் குற்றமென்று எவரும் கூறவில்லை. ஆனால், கால்குலேட்டர் இல்லாத தொகையைக் கற்பனை செய்யாது. இப்புதிய இயந்திரமோ, கணக்கற்ற நூல்களையும் கட்டுரைகளையும் பயின்று, ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகிறது. மெய்போல் தோன்றுவதை எழுதுமேயன்றி, அது மெய்தானா என்று அறியாது. அதனால் இல்லாத நூலையும் உள்ள நூலைப் போலவே கூசாமல் காட்டிவிடும்.

2025-ம் ஆண்டு நிகழ்ந்தவற்றைக் காண்போம். வேலையற்றோருக்கான உதவித்தொகையில் தண்டம் விதிக்கும் முறையை ஆராயுமாறு ஆஸ்திரேலிய அரசாங்கம் டெலாய்ட் நிறுவனத்தைப் பணித்திருந்தது. கூலி சுமார் 440,000 ஆஸ்திரேலிய வெள்ளி. ஜூலையில் வெளியான அறிக்கையில், இல்லாத ஆய்வுகளும், நீதிமன்றத் தீர்ப்பில் காணப்படாத வாசகமும் இருந்தன. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர் அதனைக் கண்டு வெளிப்படுத்தினார். இயந்திரம் கையாளப்பட்ட செய்தி, அக்டோபரில் வந்த திருத்திய பதிப்பில்தான் கூறப்பட்டது. கடைசித் தவணைப் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் இசைந்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில், இயந்திரம் புனைந்த வழக்கொன்றை ஆதாரம் காட்டிய வழக்கறிஞர், எதிர்த் தரப்பினருக்குத் தம் சொந்தப் பணத்தில் 800 வெள்ளி செலுத்துமாறு உத்தரவிடப்பட்டார்.

மதீனத்துக் கடைவீதியில் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் கண்டு, வணிகரைக் கண்டித்த வரலாறு நாம் அறிந்ததே. மழையில் நனைந்தது குற்றமன்று. வாங்குவோர் காணாதபடி அதனை அடியில் இட்டதே குற்றம். இயந்திரத்தின் உதவியைப் பெறுவதும் அவ்வாறே. அதனை மறைப்பதும், சரிபாராமல் கையொப்பமிட்டுக் கூலி வாங்குவதும் அமானிதத்துக்கு மாறானவை. கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் திருமறையின் அல்பகரா 282-ம் வசனம், எழுதுவோன் நீதியோடு எழுத வேண்டும் என்கிறது, சாட்சிகளையும் கேட்கிறது. இயந்திரம் எழுதலாம், சாட்சி நிற்க அதனால் ஆகாது. மறுமையின் கேள்வி கணக்கும் அதற்கில்லை; அதனை ஏவிய மனிதருக்கே உண்டு.

நமக்கும் பொறுப்புண்டு. இந்நாட்டில் வரியைத் தாமே கணித்துச் செலுத்தும் முறை கம்பெனிகளுக்கு 2001 முதலும், தனிநபர் வணிகருக்கு 2004 முதலும் நடைமுறையில் உள்ளது. பாரத்தை யார் நிரப்பினாலும் பிழைக்கு முதலில் பதில் கூற வேண்டியவர் வணிகரே. கூலியைக் குறைத்து, "நாளைக்கே வேண்டும்" என்று நெருக்குவோருக்கும் இக்குற்றத்தில் பங்குண்டு.

ஆகவே, வேலையை ஒப்படைக்கும்போதே கேட்போமாக: இதில் இயந்திரம் எவ்வளவு எழுதும்? எழுதியதை எவர் மூல ஆதாரத்தோடு ஒப்புநோக்குவார்? நம் கடைக் கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் எங்கே போய்ச் சேரும்? நேர்மையாளர் இதற்குச் சினம் கொள்ளார். அரிசி வாங்குமுன் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கும் நாம், நம் பெயரால் எழுதப்படும் எழுத்தையும் அவ்வாறே பார்த்து வாங்குவோமாக.